ரைட்

“உங்க பேர் என்ன?” என்று டாக்டர் கேட்டார்.

“ரைட்,” என்றார் கண்டக்டர்.

இன்றோடு ஆறு நாள். பேர் கேட்டால் ரைட். வயசு கேட்டால் ரைட். தலை வலிக்கிறதா என்றாலும் ரைட், வலிக்கவில்லையா என்றாலும் ரைட். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்குப் பேச்சு போய்க் கிடக்கிறது, இவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

எல்லாம் ஒரு தேள் பார்த்த வேலை. டெப்போ ஓய்வறையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டவர், எழுந்து காலை உள்ளே விட்டதுதான் தாமதம், ஒரே போடாகப் போட்டுவிட்டது. கடுக்கும், வியர்க்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் விஷம் ரத்த அழுத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றி, மூளையில் பேச்சைக் கவனிக்கிற இடத்துக்குப் போகும் ஒரு சின்னக் குழாயை அடைத்துவிட்டதாம். எப்போதோ யாருக்கோதான் இப்படி ஆகுமாம். அப்படி ஆனாலும், வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை மட்டும் சிலருக்கு நாக்கிலேயே தங்கிவிடுமாம்.

இருபத்தாறு வருஷமாக ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவர் சொன்ன வார்த்தை அது. அவர் ரைட் என்றால்தான் பஸ் நகரும்.

கடைசி எட்டு மாதமாக டிரைவரிடம் அவர் பேசிய ஒரே வார்த்தையும் அதுதான்.

அந்த டிரைவர் பையன் அவர் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுக்கும் ஆசை. பையன் ஒளிவு மறைவில்லாமல் நேரே வந்து பெண் கேட்டான். கண்டக்டருக்கு வந்ததே கோபம்! செத்தாலும் இந்த வாயால் சம்மதம் என்று சொல்ல மாட்டேன் என்று டெப்போவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பா வாயைத் திறந்து சொல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பனுக்கு ஏற்ற பெண்.

தேள் கொட்டிய அன்று அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு, பஸ்ஸையே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டி வந்தது அந்தப் பையன்தான். அதற்கு மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். தூரத்து ரூட்டில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இன்றுதான் லீவு கிடைத்து, கையில் ஆரஞ்சுப் பையோடு வந்தான். வந்தவன் உள்ளே வரத் துணிச்சல் இல்லாமல் வார்டு வாசலிலேயே நின்றான்.

கண்டக்டரின் தங்கை, அவர் மகளின் காதைக் கடித்தாள். இப்போது கேட்டுவிடு, இதை விட்டால் வேறு வழியே இல்லை என்றாள்.

மகள் அத்தையை முறைத்தாள். காலையில் இதே அத்தைதான், என் சமையல் வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டுப் பார்த்தாள். அதற்கும் ரைட் என்றார். அந்த மாதிரி ஒரு ரைட்டை வாங்கிக்கொண்டு மாலை மாற்றினால், அது பெற்ற அப்பாவை ஏமாற்றுவது இல்லையா? மாட்டவே மாட்டேன் என்றாள்.

அத்தை யார் பேச்சைத்தான் கேட்டாள்? பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலருகே நிறுத்தினாள்.

“அண்ணா, இந்தத் தம்பிக்கு நம்ம பொண்ணைக் கொடுத்துடலாமா?”

கண்டக்டர் டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

“ரைட்.”

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தான். மகளுக்கோ அது எட்டு மாதம் காத்திருந்த பதில். கிடைத்தும் கிடைக்காத மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வராந்தாவில், அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் படம் போட்ட அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் நேரே போய்க் கேட்டாள். அப்பாவுக்கு எப்போது பேச்சு வரும்? மறைக்காமல் சொல்லுங்கள், வருஷக்கணக்கில் ஆனாலும் நான் காத்திருக்கிறேன்.

அந்தப் பெண் வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கண்டக்டருக்கு ஒரு பையன் ஆரஞ்சுச் சுளையை நீட்டிக்கொண்டிருந்தான்.

“அவர்தான் டிரைவரா? அப்பாடா, இனிமே சொல்லலாம். உங்கப்பாவுக்கு முந்தாநாளே பேச்சு வந்துடுச்சும்மா. அந்தப் பையன் வர்ற வரைக்கும் வீட்ல மூச்சு விடாதீங்கன்னாரு. டெப்போவே கேட்கிற மாதிரி கத்தித் தொலைச்சுட்டேன், இப்ப வேற எப்படி நான் சம்மதம் சொல்றதுன்னு கேட்டாரு.”