உரிக்காத தாள்

கல்யாண வீடுகளில் டிஜே போடும் ஜெபகர், பாட்டுகளைக் கலந்து ஒலிக்கவிடும் மிக்சர் கருவியின் திரையில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரிப்பதே இல்லை. உரித்துவிட்டால் விற்கும்போது அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு புது மாடலுக்கும் பழையதோடு மனைவி பெனிட்டாவின் நகை ஒன்றும் போகும். இன்று காலை போனில் அடுத்த மாடலின் விளம்பரம் வந்தது. அதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பார்வை மட்டும் அவள் கழுத்தில் மிச்சமிருந்த தாலிச் சங்கிலிக்கே போனது. பெனிட்டா சங்கிலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பியபோது அவள் கையில் அந்தத் தாள் சுருண்டு கிடந்தது.

"ஓரமெல்லாம் தூசியா கெடந்துச்சு, உரிச்சிட்டேன்" என்றாள்.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். பளபளத்த திரையில் அவளுடைய ஐந்து விரல்களும் அழுத்திப் பதிந்திருந்தன.