டோயோனின் முன் சக்கரம்

லோவெல் சைக்கிளில் மலையிலிருந்து இறங்கி வந்து நின்றபோது அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அதை மறைக்கத்தான் ஹெல்மெட்டைக் கழற்றாமல், குனிந்து பிரேக்கைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பாவனை செய்தார்.

டெல் விடவில்லை. பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து பரிட்டோ தின்றபடியே சொன்னார்: "சிரிப்பை முழுங்காத லோவெல். இங்கிருந்தே பல்லு தெரியுது."

யெசேனியா சிரிக்கவில்லை. அவள் கை ஜாக்கெட் பைக்குள் ஒரு சின்னத் தகட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

தகட்டில் 'டோயோன்' என்று பொறித்திருந்தது.

இந்தச் சரிவெங்கும் சிவப்புப் பழம் பழுக்கும் புதரின் பெயர் அது. லோவெலும் டெல்லும் இளவயதில் ஒரு கராஜில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து மலைச் சைக்கிள் செய்தபோது அதற்கு வைத்த பெயரும் அதுதான். ஒரு டோயோனுக்காக ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு.

பிறகு அந்தத் தொழிலையே பெயரோடு விற்றார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். கைமாறக் கைமாறச் சைக்கிள் கனத்துக்கொண்டே போனது, பெயர் லேசாகிக்கொண்டே போனது. கடைசியில் அது சூப்பர்மார்க்கெட்டில் தொங்கும் மலிவுச் சைக்கிள்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது.

போன வருடம் யெசேனியா அந்தப் பெயரை வாங்கினாள். பெயர் மட்டும்தான் மிச்சமிருந்தது.

டோயோனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வடிவமைத்த சைக்கிளுக்கு உடனே பெயர்த் தகடு வைக்க மாட்டார்கள். லோவெல் அதை உச்சியிலிருந்து ஒருமுறை ஓட்டி இறக்குவார். பிடித்திருந்தால் கார்கள் நிற்கும் இந்தச் சரளைத் திடலிலேயே, ஹேண்டில்பாருக்குக் கீழே தகட்டை வைத்து இரண்டு ஆணி அடிப்பார். பிடிக்கவில்லையென்றால் அது பெயரில்லாமலேயே வீடு திரும்பும்.

யெசேனியா இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தான் வடிவமைத்த, ஆணித் துளைகள் மட்டும் உள்ள சைக்கிளோடு வந்திருந்தாள். நீங்கள் வேண்டாம் என்றால் வேறு பெயரில் விற்றுக்கொள்கிறேன், டோயோனைத் தொடவே மாட்டேன் என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

காலையில் அவள் வந்து இறங்கியதும் டெல் வரவேற்ற விதம் இது: "ரெண்டு கேலன் பால் வாங்கினா இந்தச் சைக்கிள் சும்மா வருமாம்மா?"

அவள் காது சிவந்தது.

இப்போது லோவெல் ஹெல்மெட்டைக் கழற்றினார். சைக்கிளின் முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டோயோன்களில் முன் சக்கரம் ஓட்டுபவரின் கைக்கு அடியிலேயே இருக்கும். ஏறுவதற்கு அது நல்லது. இறங்கும்போதுதான் வம்பு. சரிவில் உடம்பின் கனம் முழுக்க முன்னால் சரியும். சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால் ஆள் அதைத் தாண்டிப் பறப்பார். லோவெலின் தோள்பட்டை எலும்பு இரண்டு முறை அப்படித்தான் உடைந்தது.

இந்தச் சைக்கிளில் சக்கரம் வெகுதூரம் முன்னே போயிருந்தது. கல்லை அது முதலில் போய்ச் சந்திக்கிறது, அதன்மேல் ஏறி இறங்குகிறது. ஆள் பின்னால் பத்திரமாக வந்து சேர்கிறார். இப்போது நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் இவ்வளவு தூரம் யாரும் தள்ளியதில்லை.

லோவெல் அந்தக் கராஜிலேயே யோசித்து, வாங்குகிறவர்கள் சிரிப்பார்களே என்று பயந்து விட்டுவிட்ட காரியம் அது.

பழைய டோயோன்களைக் கரைத்துக் குடித்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஆணிகளை எடுத்தார். சுத்தியலை எடுத்தார். அடிப்பதற்கு முன்னால், இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஆசையாகக் கேட்டார்.

யெசேனியா பைக்குள் தகட்டைத் தடவிப் பார்த்தாள்.

"என் முதல் டோயோன்ல முன் சக்கரம் என் கால் விரலை இடிச்சுக்கிட்டே இருக்கும். அதான் இதை வரையும்போது முதல் வேலையா அதைத் தூரத் தள்ளிட்டேன்."

டெல் பின்கதவிலிருந்து இறங்கியே விட்டார். "நான் பத்தவச்ச எந்த வண்டியிலயும் கால் இடிக்காது."

"அது நீங்க பத்தவச்சது இல்ல."

லோவெலின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"எங்கம்மா ஃப்ரெஸ்னோல சூப்பர்மார்க்கெட் கல்லாவுல இருந்தாங்க," என்றாள். "என் பத்தாவது பிறந்தநாளுக்கு அங்கேயே வாங்கிட்டு வந்தாங்க. கடையில ஃபோர்க்கைப் பின்பக்கமாத் திருப்பி மாட்டியிருந்தாங்க. அது தெரியாமலே கால்வாய்க் கரையெல்லாம் மூணு வருஷம் ஓட்டினேன். எனக்கு டோயோன்னா அதுதான்."

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கால்கள் நுனியில் முன்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். திருப்பி மாட்டினால் வளைவு ஓட்டுபவரை நோக்கி வரும். சக்கரமும் கூடவே வந்து, பெடலில் இருக்கும் காலை முட்டும். சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் தவறு இது. டெல் எத்தனை முறை சிரித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

இப்போது அவர் லோவெலைப் பார்த்தார். லோவெல் அவரைப் பார்க்கவில்லை. யெசேனியாவின் பக்கம் கையை நீட்டி, தகட்டைக் கேட்டார்.

டெல் பரிட்டோவைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, முதல் ஆணி இறங்கும்போது சைக்கிள் ஆடாமல் இருக்க, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.