உடைந்த கைப்பிடிக்குப் பொறுப்பாளர்

கூட்டத்தில் இருந்தவர்கள்: மீன் நிறுவன மேலாளர் ஜெபமணி, கணக்கர் வளர்மதி, ஆலோசகர் நரசிம்மன். குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அமலதாஸ் லாரியில் சரக்கு ஏற்றப் போயிருந்தார். ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று சர்வதேசத் தரநிலை சொல்வதாக நரசிம்மன் விளக்கினார். குளிர் அறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து யாராவது திறந்துவிட வேண்டும்.

"வராத ஆள் பேர்ல போடுங்க. நம்ம வழக்கம் அதுதானே" என்றார் ஜெபமணி.

"பொங்கலுக்கு முன்னாடியே மாத்தச் சொன்னது அவர்தான் சார்" என்றாள் வளர்மதி.

"அப்ப ஆர்வம் இருக்கு."

"தரநிலை பொதுவான வழிகாட்டிதான். உங்க வசதிக்கு வச்சுக்கலாம்" என்றார் நரசிம்மன்.

திரும்பி வந்த அமலதாஸ், பொறுப்பாளர் பட்டியலில் தன் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கைப்பிடி வாங்க உங்க கையெழுத்து வேணும். பொறுப்பு மட்டும் எனக்கா சார்?"

"முதல்ல உள்ள போய் ஒரு போட்டோ எடுய்யா."

எல்லோரும் குளிர் அறைக்கு வந்தார்கள். அமலதாஸ் வாசலில் தயங்கினார்.

"யாராவது வெளியில நில்லுங்க சார்."

"அதுக்கும் பொறுப்பாளர் நீதானய்யா."

மூவரும் சிரித்தார்கள். அமலதாசும் சிரித்துவிட்டு உள்ளே போனார். ஜெபமணி தேநீர் குடிக்கக் கூப்பிட்டார், மற்ற இருவரும் அவரோடு நடந்தார்கள். கனத்த கதவு அமலதாசுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. வெளித்தாழ் விழுந்தது.