மேஜிக் கோட்ஸ் ஆன்

புதிய சர்வர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

எங்கள் அலுவலக இணையதளத்தை ஓட்டும் பிஎச்பி மென்பொருளின் புதிய பதிப்பை அதில் ஏற்றி, அமைப்புகளை எழுதிவைத்த பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தேன். திரையில் ஒரே ஒரு புகார். ‘மேஜிக் கோட்ஸ்’ என்ற அமைப்பே இப்போது கிடையாதாம்.

அதை ‘ஆன்’ என்று வைத்தது ஒன்பது வருடத்துக்கு முன் நானே எழுதிய வரி.

தளத்துக்கு வருகிறவர்கள் தட்டும் எழுத்துகளில் மேற்கோள் குறி இருந்தால், அதன் முன்னால் ஒரு சாய்கோட்டைப் போட்டு முடக்கிவிடும். திருட்டுக் கட்டளை உள்ளே போகாது. அப்படித்தான் எல்லோரிடமும் மேஜையைத் தட்டிச் சொல்லிவந்தேன்.

அழிக்கும் முன், ஏன் தூக்கினார்கள் என்று பார்ப்போமே எனக் கையேட்டைத் திறந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

வெறும் எண் வாங்கும் இடங்களில் இந்த வரி எதையும் தடுக்காது. தடுப்பதாக நம்பவைத்ததுதான் ஆபத்து என்ற பொருளில் எழுதியிருந்தது.

உறுப்பினர் எண் கேட்கும் பக்கத்தை எழுதியவன் நான்.

பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அட்ரஸ் பாரில் எண்ணுக்குப் பின்னால் நாலைந்து எழுத்துகளைச் சேர்த்தேன். மேற்கோள் குறி ஒன்றுகூட இல்லை. மொத்த உறுப்பினர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் மளமளவென்று கொட்டின.

நான்கு வருடத்துக்கு முன் வெளியே கசிந்து போனது இதே பட்டியல்தான். விசாரணையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“என் பக்கம் வழியா ஈ எறும்புகூட நுழைய முடியாது சார். பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களைக் கேளுங்க.”

தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருத்தி பதிவுப் பிரிவில் இருந்த பெண். அவள் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிராயரில் வைத்திருந்தாள். போதாதா? அன்றே வேலை போயிற்று. அவள் சண்டைகூடப் போடவில்லை. சீட்டை யாராவது பார்த்திருப்பார்களோ என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

பக்கத்தின் ஓட்டையை அடைக்க இரண்டு வரி போதுமானதாக இருந்தது. பிறகு மேஜிக் கோட்ஸை அழித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். கான்ஃபிக்கில் எந்த வரியை எடுத்தாலும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

‘பழைய வரி. தேவையில்லை’ என்று எழுதினேன்.

சர்வர் சமர்த்தாக எழுந்துகொண்டது.

போன் அடித்தது. என் மனைவி.

“என்னங்க, சர்வர் வந்துருச்சா? காலைல புலம்பிட்டே போனீங்களே. நான் அங்க இருந்தப்ப பண்ணிவெச்ச தப்பு எதுவும் இன்னும் உங்களைப் படுத்தலையே?”

வேலை போன அன்று அவளை வண்டியின் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தவன் நான். அம்மா, அக்கா, மாமியார் என்று எல்லோர் முன்னாலும் ‘விடுங்க, தெரியாம பண்ணிட்டா’ என்று நான்கு வருடமாக அவளை மன்னித்துக்கொண்டிருப்பவனும் நான்.

“சேச்சே, அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்” என்றேன்.

அவள் நன்றி சொன்னாள்.