பையில் இருந்தது பொம்மை

"பிள்ளை பிடிக்கிறவன் மாட்டிக்கிட்டான், சீக்கிரம் வந்து பாருங்க!" என்று ஜன்னலில் நின்றபடியே மனைவி கூப்பிட்டாள்.

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். மூன்றாவது மாடி. கீழே முப்பது நாற்பது தலைகள், நடுவில் ஒரு வழுக்கை. அந்த வழுக்கை நிமிர்ந்து மேலே பார்த்ததும் அவன் அலறினான்.

"அடியேய், அது எங்க அண்ணன்டி!"

அண்ணன் வெளியூர். இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் வழி கேட்டிருக்கிறார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"பத்து நாளா டிவியில சொல்றான்ல? கையில பை, வெளியூர்ப் பேச்சு. எல்லாம் அப்படியே இருக்கு பாரு!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"என் தம்பி வீடு இங்கதான்யா" என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதையும்தான் டிவியில சொன்னான். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்தேன்னு கதை விடுவானுங்களாம்! பையைக் கொட்டுடா!"

பையிலிருந்து ஒரு பொம்மை விழுந்தது. தம்பி மகளுக்குப் பெரியப்பா ஆசையாக வாங்கி வந்தது.

"பாத்தியா! இதைக் காட்டித்தான் பிள்ளைங்களை மயக்கறான்!"

முதல் அடி விழுந்தது. அடித்தது எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற மனுஷர்.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? விழுந்தடித்துக் கீழே ஓடினான். மனைவியும் பின்னாலேயே ஓடி வந்தாள். வெளிக்கேட்டில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேனோ தடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளே.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே போலீசுக்குப் போன் போட்டான். பயத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் ஒரு தினுசாக வந்தது.

"பட்டப்பகலில் பயங்கரம்! அப்பாவி ஒருவரை வெறிபிடித்த கும்பல் சுற்றி வளைத்துச் சரமாரியாகத் தாக்கி வருகிறது!"

"ஹலோ... யாருங்க? என்ன வேணும்?"

"நெஞ்சைப் பதறவைக்கும் இந்தச் சம்பவம்..."

"ஐயோ, சாதாரணமா பேசித் தொலைங்களேன்!" மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உங்க அண்ணனை அடிக்கறாங்கன்னு சொல்லுங்க!"

சொல்லத்தான் பார்த்தான். நாக்கு பழக்கத்தை விடவில்லை. "தாக்குதலுக்கு உள்ளான நபர்... உயிருக்குப் போராடி வருகிறார்... போலீசார் உடனடியாக..."

கூட்டத்தின் நடுவே இப்போது அந்த வழுக்கைத் தலையைக் காணோம். அண்ணன் கீழே விழுந்துவிட்டார்.

போனில் போலீஸ்காரர் எரிந்து விழுந்தார்:

"யோவ், முதல்ல அந்த டிவியை அணைச்சிட்டுப் பேசு! தினம் நியூஸ் வாசிக்கிறானே, அவன் கத்தறதுதான் கேக்குது. நீ பேசறது ஒண்ணுமே கேக்கல!"