ஊசிமிளகாய்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. ஆனால் கேக் வெட்டும் நீளக் கத்தியை மட்டும் அலமாரியில் காணோம். டெபோரா ஒவ்வொரு தட்டாக இரண்டு முறை துழாவிவிட்டாள்.

சற்று முன்புதான் அவள் கணவர் கிளமென்ட் வாசலில் நின்று போனில் பேசியது காதில் விழுந்திருந்தது. "சந்திரகிரி கோட்டைக்கு வந்துடு. இன்னையோட ஊசிமிளகா கதை முடிஞ்சுது." அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

ஊசிமிளகாய் என்கிற பெயர் டெபோராவுக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. கிளமென்ட் பங்குச்சந்தை பற்றி எழுதுகிற இணையக் குழுவில், முகம் காட்டாமல் நுழைந்து வாய்க்கு வந்தபடி வைதுவிட்டுப் போகிற ஜென்மம் அது. சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் கம்பெனி ஒன்றின் பங்கைக் கிளமென்ட் சிபாரிசு செய்த நாளில் பிடித்த பீடை. கம்பெனியின் பெயர் நமக்கெதற்கு?

'டேய் மாங்கா மடையனுங்களா, அந்த ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டாச்சு. கிளமென்ட் ஒரு ஃபிராடு. இந்தப் பங்குக்கு ரோட்டோரம் மாங்கொட்டை பொறுக்கலாம்.'

குழு கொதித்தது. எங்கள் கிளமென்ட் அண்ணனையா சொல்கிறாய் என்று அந்த வீம்பிலேயே ஆளாளுக்கு வாங்கிப் போட்டார்கள். பங்கு விலையும் ஏறியது. சித்தூர்க்காரர்களின் ரோஷம் அப்படி.

அந்த ரோஷத்தை அவர்கள் சபையின் அறுப்பின் பண்டிகையிலேயே பார்க்கலாம். காணிக்கையாக வரும் காய்கறி, கோழி எல்லாவற்றையும் வருஷா வருஷம் கிளமென்ட்தான் ஏலம் விடுவார். போன வருஷம் டெபோரா கொடுத்த பூசணிக்காயை அவர் தூக்கிக் காட்டியபோது, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு சுருட்டைமுடிக்காரன், "அத்த மாடுகூடத் துன்னாது" என்றான். டெபோராவின் தம்பி ஜாபேஸுக்கு வந்ததே கோபம்! ஆட்டுக்குட்டி விலை கொடுத்து அந்தப் பூசணியை எடுத்தான். வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் பூசணிக் கூட்டுதான்.

டெபோராவுக்கும் அதே ரத்தம்தானே. போன வாரம் ஊசிமிளகாய் இப்படி எழுதினான்: 'இந்தப் பங்கை இவன் பொண்டாட்டிகூட வாங்க மாட்டா.'

அவ்வளவுதான். நர்ஸ் வேலை பார்த்து, மகள் ஜெமிமாவுக்கென்று சேர்த்து வைத்திருந்த வளையல்களை அடகுக் கடையில் வைத்தாள். நேற்று மத்தியானம் போனிலேயே அவ்வளவு பணத்துக்கும் அந்தப் பங்கை வாங்கிவிட்டாள். கிளமென்ட்டிடம் மூச்சு விடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று சொல்லி அவரை அசத்த வேண்டும் என்று ஆசை.

இப்போது கிறிஸ்துமஸுக்கு மனுஷன் வீட்டில் இருப்பாரா, ஜெயிலில் இருப்பாரா?

கிளமென்ட்டின் போன் அணைந்திருந்தது. சந்திரகிரி வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஜாபேஸு, மாமா கத்திய எடுத்துக்கினு போயிருக்காருடா. அந்த ஊசிமிளகாவக் கொல்லத்தான்."

"மாமாவா? கோழி அறுக்கச் சொன்னாலே கண்ண மூடிக்குவாரு. நீ சும்மா பயந்துக்கினு இருக்காதக்கா."

அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. கோழி என்றைக்காவது அவரை ஃபிராடு என்று எழுதியதா? ஆண்டவரே, அவர் கை ஓங்கினாலும் இறங்காமப் பாத்துக்கும் என்று வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே போனாள். கண்டக்டர் உடம்பு சரியில்லையா என்று தெலுங்கில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கோட்டைக்குள், அரண்மனையைத் தாண்டி, இடிந்த சுவர் ஓரமாக ஒரு வேப்பமரம். அதன் கீழே கிளமென்ட் நின்றிருந்தார். கையில் கத்தி. எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

டெபோரா ஓடினாள். சுவரை எட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கத்தி கேக்கில் இறங்கியது.

"துன்னு பவன்குமார்" என்று கிளமென்ட் ஒரு பெரிய துண்டை அவன் வாயருகே நீட்டினார். "வையறதுல உன்ன அடிச்சிக்க ஆளில்ல."

டெபோராவுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். என் புருஷன் கொலைகாரன் இல்லை, பகைவனுக்குக் கேக் ஊட்டுகிற மனுஷன். ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தபோது அவன் முகம் திரும்பியது. பூசணிக்காய் ஏலத்துச் சுருட்டைமுடிக்காரன்.

"நா என்னண்ணா பண்ணேன்?" என்றான் அவன், கேக்கை மென்றபடி. "பூட்டுன ஃபேக்டரியப் பூட்டிக்கிதுன்னு எழுதுனேன். உங்கள ஃபிராடுன்னு எழுதுனேன். உள்ளதத்தான் எழுதுனேன். ஒருத்தன்கூட நம்பலியே."

"மரியாதையா சொல்லியிருந்தா நம்பியிருப்பானுங்க. நீதான் திட்டிக்கினே சொன்னியே, ரோஷத்துல வாங்கிட்டானுங்க. நம்ம ஆளுங்க அப்டித்தான். பூசணிக்கா ஏலத்துலயே பாத்தமே."

"நம்மகிட்ட இருந்த பங்கெல்லாம்?"

"நேத்து மத்தியானமே மொத்தமா தள்ளிட்டேன். எவனோ ஒரே ஆளு, கேட்ட விலைக்கு அள்ளிக்கினு போயிட்டான். நாளைலேர்ந்து அது மாங்கொட்டைக்குக்கூடப் போவாது. ஊசிமிளகாங்கற பேர இன்னைக்கே அழிச்சிடு."

நேற்று மத்தியானம். டெபோரா வளையல் இல்லாத கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

ஊசிமிளகாய் எழுதியது அத்தனையும் உண்மைதான், பொண்டாட்டிகூட வாங்க மாட்டாள் என்ற அந்த ஒரு வரியைத் தவிர.