கடைசிப் பாராட்டுரை

“மேடம், பாராட்டுரை ரெடியா? அஞ்சு மணிக்கு விழா!” மேனேஜர் அவள் மேஜையருகே வந்து நின்றார்.

அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். அதைத் தானே எழுதியது போல மேனேஜர் மேடையில் உருகி உருகி வாசிப்பார்.

“இதை நான் எழுதல சார்.”

“அப்படிச் சொன்னா எப்படிம்மா? நீங்க எழுதினா கல்லும் கரையும். எங்களுக்கு அந்தக் கை வருமா?”

இப்படித் தேன் தடவித்தான் இருபத்தாறு வருடம் அவளை வேலை வாங்கினார்கள். அவரைவிட, அந்தத் தேனை நக்கிப் பழகிய தன் நாக்கின் மேல்தான் அவளுக்கு அருவருப்பு அதிகம்.

“எல்லாரும் கூட வேலை பார்த்தவங்கதானே? மனசுல இருக்கறதை நாலு வரி சொல்லுங்களேன்.”

மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

“என்னத்தைச் சொல்றது? நேரத்துக்கு வர்றது, குடுத்த வேலைய முடிக்கறது, போறது. அதுக்கு மேல என்ன இருக்கு? பழைய உரையில பேரை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்.”

“முடியாது சார்.”

இந்தச் சொல் தன் வாயிலிருந்து இவ்வளவு எளிதாக வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மேனேஜர் படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடி வந்தார்.

“இது நியாயமா மேடம்? ஊருக்கெல்லாம் எழுதினீங்க. இன்னைக்கு ரிட்டயர் ஆகறது நீங்க. உங்களைப் பத்தி எழுத, உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?”